ஒரு குரோமோசோமுக்கு எத்தனை இடுப்பு? வளர்ப்புச் செல்களில் பல சென்ட்ரோமியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்பு அறைக்குப் புதிதாக வந்தவர்கள் சுண்டெலிச் செல்லையோ பழைய மனிதச் செல் லைனையோ (ஃபிளாஸ்கில் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் செல் வம்சம்) மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று எழுந்து வந்து, "ஒரே குரோமோசோமில் நாலைந்து சென்ட்ரோமியர் தெரிகிறதே, ஸ்லைடு கெட்டுவிட்டதா?" என்பார்கள். ஸ்லைடு கெடவில்லை. அந்தக் கேள்விக்கும் அதன் வால் பிடித்து வரும் மற்றக் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சென்ட்ரோமியர் என்பது சரியாக எது?

செல் பிரியப்போகும் நேரத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் சுருண்டு கெட்டியாகி, ஒரே மாதிரியான இரண்டு இழைகளாக நிற்கும். இந்த இழைகளுக்குக் குரோமாடிட் என்று பெயர். இரண்டும் இறுகப் பிடித்துக்கொண்டு ஒடுங்கித் தெரியும் இடம்தான் சென்ட்ரோமியர். பள்ளிப் புத்தகத்தில் முதன்மைச் சுருக்கம் என்று படித்திருப்போம். லேபில் நாங்கள் சுருக்கமாக இடுப்பு என்றே சொல்லிவிடுவோம்.

கண்ணுக்குத் தெரியும் ஒடுக்கத்தைவிட அதன் இரு பக்கமும் உட்காரும் கைனெட்டோகோர் என்ற புரதக் கட்டுதான் முக்கியம். செல்லின் இரு துருவங்களிலிருந்து வரும் நுண்குழாய்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் இதில்தான் மாட்டிக்கொள்ளும். ஒரு குரோமாடிட் ஒரு பக்கம், அதன் ஜோடி எதிர்ப்பக்கம் என்று இழுபடுவது இதனால்தான்.

ஆக, சென்ட்ரோமியர் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு டிஎன்ஏப் பகுதியையும் சொல்கிறோம், அங்கே நடக்கும் வேலையையும் சொல்கிறோம். இயல்பான குரோமோசோமில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் சிக்கல் வருவதில்லை. நாம் பேசப்போகும் குரோமோசோம்களில் இவை பிரிந்துபோய்விடும். கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து கிளம்புபவைதான்.

ஒன்றுக்கு மேல் இருந்தால் என்ன பெயர்?

இரண்டு இருந்தால் டைசென்ட்ரிக், மூன்று இருந்தால் டிரைசென்ட்ரிக், அதற்கும் மேலே போனால் பொதுவாக மல்டிசென்ட்ரிக். சென்ட்ரோமியரே இல்லாத துண்டு ஏசென்ட்ரிக். பார்வைக்கு இரண்டு இருந்து ஒன்று மட்டுமே வேலை செய்தால் அது சூடோடைசென்ட்ரிக், அதாவது போலி டைசென்ட்ரிக்.

இரண்டு இருந்தால் இரண்டு பிடிமானம்தானே, நல்லதில்லையா?

கேட்க அப்படித்தான் இருக்கும். ஒரு குரோமோசோமில் மேலே ஒரு சென்ட்ரோமியர், கீழே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு குரோமாடிட்டுகளுக்கு அண்ணன், தம்பி என்று பெயர் வைப்போம். மேல் சென்ட்ரோமியரில் அண்ணன் இடப்பக்கத் துருவத்தைப் பார்க்கிறான். கீழ் சென்ட்ரோமியரிலும் அவனே இடப்பக்கம் பார்த்தால் தொல்லை இல்லை. முழு அண்ணனும் இடப்பக்கம் போவான், முழுத் தம்பியும் வலப்பக்கம் போவான்.

ஆனால் இரண்டு சென்ட்ரோமியருக்கும் இடையில் குரோமோசோம் அரைச் சுற்று முறுக்கிக்கொண்டால்? மேலே இடப்பக்கம் பார்க்கும் அண்ணன் கீழே வலப்பக்கம் பார்ப்பான். அவனுடைய ஒரு பாதியை இந்தத் துருவம் இழுக்கும், மறுபாதியை அந்தத் துருவம் இழுக்கும். தம்பிக்கும் அதே கதி. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் இரண்டு இழைகள் விறைப்பாக நீண்டு நிற்கும். அனாபேஸ் பாலம் என்பது இதுதான். ஒரு முறை நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டால் மறக்காது: இரு பக்கமும் குரோமோசோம் கூட்டம், நடுவே கம்பி போல ஒரு கோடு.

சென்ட்ரோமியர்கள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒவ்வோர் இடைவெளியிலும் முறுக்கு விழுவதும் விழாததும் பாதிக்குப் பாதி. இதை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். இரண்டு சென்ட்ரோமியரும் வேலை செய்தால், சேதமில்லாமல் தப்பிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்று என்றால் நான்கில் ஒன்று. ஐந்து என்றால் பதினாறில் ஒன்று. ஒன்பது என்றால் 256இல் ஒன்று. அதுவும் ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும். அடுத்த பிரிவில் மறுபடி இதே சூதாட்டம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாலம் அறுந்த பிறகு என்ன ஆகும்?

இதற்கான பதில் முதலில் மக்காச்சோளத்தில் கிடைத்தது. பார்பரா மெக்ளின்டாக் 1930களின் கடைசியிலும் 1940களின் தொடக்கத்திலும் இதைத் துல்லியமாக எழுதி வைத்தார். பாலம் அறுந்தால் இரு மகள் செல்லுக்கும் நுனி உடைந்த குரோமோசோம் கிடைக்கிறது. அது இரட்டிப்பானதும் உடைந்த இரு நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மறுபடியும் டைசென்ட்ரிக், மறுபடியும் பாலம், மறுபடியும் அறுபடல். உடைவு, ஒட்டு, பாலம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு செல்லுக்குச் சில ஜீன்கள் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். அவருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது இடம்பெயரும் ஜீன்களுக்காக. அந்த வேலைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே இந்த உடைந்த குரோமோசோம்கள்தான்.

விலங்குச் செல்லில் பாலம் பட்டென்று அறுவதில்லை. நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் டிட்டியா டி லாங்கே குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மனிதச் செல்களில் இந்தப் பாலங்கள் பிரிவு முடிந்த பிறகும் பல மணி நேரம் நீடிப்பது தெரிந்தது. இரு மகள் செல்களும் தள்ளித் தள்ளி நகர, பாலம் அவற்றோடு நீள்கிறது. இடையில் உட்கருவின் உறை கிழிகிறது. சைட்டோபிளாசத்தில் இருக்கும் டிரெக்ஸ்1 என்ற நொதி உள்ளே புகுந்து பாலத்தின் டிஎன்ஏவை அரிக்கிறது. செல் நகரும்போது உள்ளிருந்து இழுக்கும் ஆக்டின்–மயோசின் விசையும் பாலத்தை உடைக்கும் என்று 2020இல் வேறொரு குழு காட்டியது. விளைவு ஒரு சுத்தமான வெட்டாக இருப்பதில்லை. குரோமோசோமின் ஒரு பகுதி நொறுங்கி, துண்டுகள் தாறுமாறாக ஒட்டப்பட்டுவிடும். இந்தச் சிதறலுக்குக் குரோமோத்ரிப்சிஸ் என்று பெயர்.

இவை எப்படி உருவாகின்றன?

வழிகள் பல. எக்ஸ் கதிர் போன்றவை இரண்டு குரோமோசோம்களை உடைக்க, சென்ட்ரோமியர் உள்ள துண்டுகள் இரண்டும் தப்பாகச் சேர்ந்துவிடுவது ஒன்று. அப்போது சென்ட்ரோமியர் இல்லாத மற்ற இரு துண்டுகளும் சேர்ந்து ஓர் ஏசென்ட்ரிக் துண்டாக அருகில் கிடக்கும்.

வளர்ப்புச் செல்களில் அதிகம் பேச வேண்டியது டெலோமியர் தேய்வதைப் பற்றித்தான். குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு எழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் ஒரு புரதத் தொப்பி இருக்கும். "இது உடைந்த நுனி கிடையாது, ஒட்டிவிடாதே" என்று செல்லின் பழுதுபார்க்கும் நொதிகளுக்குச் சொல்வதுதான் அந்தத் தொப்பியின் வேலை. இயல்பான மனிதச் செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இந்த நுனி கொஞ்சம் குறையும். மனிதச் செல்கள் வளர்ப்பில் ஏறக்குறைய 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் எழுதினார்கள். நிற்கச் சொல்லும் ஜீன்கள் கெட்டுப்போன செல்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போகும். அப்போது தொப்பி கழன்ற நுனிகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும்.

தொப்பியில் உள்ள டிஆர்எஃப்2 என்ற ஒரே ஒரு புரதத்தைச் சுண்டெலிக் கருச் செல்களிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். 2005இல் டி லாங்கே குழு வெளியிட்ட அந்தப் படங்களில் குரோமோசோம்கள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாகக் கோத்துக் கிடக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சென்ட்ரோமியர். மல்டிசென்ட்ரிக் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது அந்தப் படத்தைத்தான்.

இவை தவிர, சென்ட்ரோமியரைச் சுற்றியுள்ள டிஎன்ஏ பல மடங்காகப் பெருகிக் கூடுதல் சென்ட்ரோமியர்கள் முளைப்பதும் உண்டு.

வளர்ப்புச் செல்களில் மட்டும் ஏன் இவ்வளவு?

உடம்பில் குரோமோசோம் குளறுபடியான செல்லைக் கண்டுபிடித்து நிறுத்தவும் கொல்லவும் ஏற்பாடுகள் உண்டு. பி53 என்ற புரதம் அதில் முக்கியக் காவலாளி. நிரந்தரமாக வளரும் செல் லைன்களில் பெரும்பாலானவை அந்தக் காவலாளியைத் தொலைத்துவிட்டுத்தான் நிரந்தரமாகியிருக்கின்றன. மேலும், ஃபிளாஸ்கில் இருக்கும் செல் ஒரு கல்லீரலையோ நரம்பையோ கட்டி எழுப்பத் தேவையில்லை. பிரிந்துகொண்டே இருந்தால் போதும், நாம் மறக்காமல் மீடியம் என்ற சத்துக் கரைசலை மாற்றுவோம். இவ்வளவு சலுகை கிடைக்கும் இடத்தில் விநோதங்கள் பிழைத்துக்கொள்கின்றன.

சுண்டெலி எல் செல்லை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்களே, ஏன்?

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்டன் எர்ல் 1940இல் சுண்டெலித் திசுவிலிருந்து தொடங்கிய வளர்ப்பு அது. அதிலிருந்து தனிச் செல் ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்த்த எல்929 குளோன் பற்றிய கட்டுரை 1948இல் வந்தது. ஒரே செல்லிலிருந்து ஒரு கூட்டத்தையே வளர்த்துக் காட்டிய முதல் சாதனைகளில் இதுவும் ஒன்று. இன்றும் பல லேப்களின் ஃப்ரீசரில் இருக்கிறது.

சுண்டெலிக்கு இயல்பில் 40 குரோமோசோம்கள். எல்லாவற்றுக்கும் சென்ட்ரோமியர் ஒரு நுனியில்தான் இருக்கும், நடுவில் இருக்காது. சென்ட்ரோமியரை ஒட்டி 234 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏத் தொடர் அடுக்கடுக்காக இருப்பதால் சாயத்தில் அந்த இடம் அடர்த்தியாக விழும். ஆகவே சுண்டெலிக் குரோமோசோமின் நடுவில் கரும்பட்டை தெரிந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று உடனே புரிந்துவிடும். எல் செல்களில் இப்படி நடுவில் ஒரு பட்டை உள்ளவை சாதாரணம். சில குரோமோசோம்களில் வரிசையாகப் பல பட்டைகள் இருக்கும், பாம்பின் முதுகில் வளையம் போட்ட மாதிரி.

1980களில் அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் பல்தேவ் விக், சின்கௌஸ்கி போன்றோர் இவற்றைத்தான் துருவினார்கள். இத்தனை சென்ட்ரோமியர்களை வைத்துக்கொண்டு இந்தக் குரோமோசோம் தலைமுறை தலைமுறையாக எப்படி உடையாமல் போகிறது என்பதே அவர்கள் கேள்வி. மேலே போட்ட 256இல் ஒன்று கணக்கின்படி இவை என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டும்.

சரி, அப்புறம் எப்படித்தான் பிழைக்கின்றன?

பல இடுப்பு இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றவை டிஎன்ஏ அளவில் அப்படியே இருக்கும், சாயமும் ஏற்கும், ஆனால் கைனெட்டோகோர் கட்டாது. சென்ட்ரோமியர்கள் பிரியும் நேரத்தையும் விக் குழு கவனித்தது. வேலை செய்யாதவை முந்திக்கொண்டு பிரிந்துவிடும், வேலை செய்யும் ஒன்று கடைசிவரை இரு குரோமாடிட்டுகளையும் பிடித்து வைத்திருக்கும் என்பது அவர்கள் கண்டது.

மனிதக் குரோமோசோம்களிலும் இதற்குச் சான்று உண்டு. எர்ன்ஷாவும் மிஜியனும் 1985இல், இரண்டு சென்ட்ரோமியர் இருந்தும் நிலையாக இருந்த ஒரு குரோமோசோமை எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டும் புரதம். செயலிழந்த சென்ட்ரோமியரில் அதற்குச் சிக்க வேண்டிய சென்ட்ரோமியர்ப் புரதங்கள் இல்லை.

எல்லாம் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு சென்ட்ரோமியர்களும் மிக அருகில் இருந்தால் நடுவில் முறுக்க இடமே இல்லை, இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். சில மில்லியன் எழுத்துத் தொலைவுக்குள் இருக்கும் இரண்டு சென்ட்ரோமியர்களும் சேர்ந்தே வேலை செய்வதை மனித எக்ஸ் குரோமோசோமில் சல்லிவனும் வில்லார்டும் 1998இல் காட்டினார்கள். பின்னர் டிஆர்எஃப்2ஐக் குலைத்து மனிதச் செல் லைனில் புதிதாக டைசென்ட்ரிக்குகளை உண்டாக்கிப் பின்தொடர்ந்தபோது மூன்று விதமும் தெரிந்தன. சிலவற்றில் இரண்டுமே தொடர்ந்து வேலை செய்தன. சிலவற்றில் ஒன்று அடங்கிப்போனது. இன்னும் சிலவற்றில் ஒரு சென்ட்ரோமியரின் டிஎன்ஏவிலேயே ஒரு பகுதி காணாமல் போயிருந்தது.

டிஎன்ஏ அப்படியே இருக்கும்போது வேலை மட்டும் எப்படி நிற்கும்?

மனிதச் சென்ட்ரோமியரில் ஆல்ஃபா சேட்டிலைட் என்ற 171 எழுத்துத் தொடர் அடுக்கடுக்காக இருக்கிறது. அதுதான் சென்ட்ரோமியரை உண்டாக்குகிறது என்று வெகுநாள் நம்பினார்கள். டைசென்ட்ரிக்குகள் அந்த நம்பிக்கையை ஒரு பக்கம் அசைத்தன: டிஎன்ஏ இருக்கிறது, சென்ட்ரோமியர் இல்லை. மறுபக்கம் 1993இல் ஆஸ்திரேலியாவில் 10ஆம் குரோமோசோமிலிருந்து வந்த ஒரு துண்டு கிடைத்தது. அதில் ஆல்ஃபா சேட்டிலைட் இல்லை, ஆனால் சென்ட்ரோமியர் ஒழுங்காக வேலை செய்தது. இதற்குப் புதுச் சென்ட்ரோமியர், அதாவது நியோசென்ட்ரோமியர் என்று பெயர்.

டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் உருளைகளில் எச்3 என்ற புரதத்தின் இடத்தில் சென்ப்-ஏ என்ற உறவுக்காரப் புரதம் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேலை செய்யும் சென்ட்ரோமியர். செல் பிரிந்த பிறகு, பழைய சென்ப்-ஏ இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் புதியது வந்து சேரும். பரம்பரை நாற்காலி மாதிரி, ஏற்கெனவே உட்கார்ந்தவரின் வாரிசுக்குத்தான் இடம். ஒரு சென்ட்ரோமியர் சென்ப்-ஏவை இழந்துவிட்டால், அடியில் டிஎன்ஏ எழுத்து மாறாமல் இருந்தாலும், பெரும்பாலும் அடங்கியே கிடக்கும்.

ஸ்லைடில் எப்படிப் பார்ப்பது?

வளரும் செல்லுக்குக் கால்செமிட் என்ற மருந்தைக் கொடுத்து நுண்குழாய்களைக் குலைத்தால் செல்கள் மெட்டாபேஸில், அதாவது குரோமோசோம்கள் கெட்டியாகி இன்னும் பிரியாமல் இருக்கும் கட்டத்தில், நின்றுவிடும். பிறகு உப்புச் செறிவு குறைந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து உப்ப வைக்க வேண்டும். இந்த உப்ப வைக்கும் வித்தையே ஒரு தவறில் பிறந்தது. டெக்சாஸில் டி. சி. ஷூ கையில் கிடைத்த கழுவும் கரைசல் யாரோ தப்பாகக் கலந்து நீர்த்துப்போயிருந்தது. அதனால் குரோமோசோம்கள் அழகாக விலகி விழுந்தன. 1952இல் அதை வெளியிட்டார். நான்கு ஆண்டு கழித்து மனிதனுக்கு 48 இல்லை, 46தான் என்று ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணிச் சொன்னதற்கும் இந்த உப்ப வைத்தல் கைகொடுத்தது.

மெத்தனால், அசெட்டிக் அமிலம் மூன்றுக்கு ஒன்று கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, ஸ்லைடில் சொட்டு விட்டு, ஜீம்சாச் சாயம் போட்டால் உருவம் தெரியும். இடுப்பு எங்கே என்று சரியாகத் தெரிய சி-பட்டைச் சாயம் வேண்டும். பேரியம் ஹைட்ராக்சைடில் சிறிது நேரம், சூடான உப்புக் கரைசலில் சிறிது நேரம், பிறகு ஜீம்சா. உடல் முழுக்க வெளிறிப்போய்ச் சென்ட்ரோமியர் பகுதி மட்டும் கருத்து நிற்கும். பேரியத்தில் அரை நிமிடம் கூடிவிட்டால் குரோமோசோம்கள் பஞ்சு மாதிரி ஊதிப்போகும். அந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

சி-பட்டையும், குறிப்பிட்ட டிஎன்ஏத் தொடரில் போய் ஒட்டும் ஒளிரும் டிஎன்ஏ புரோபும் இடத்தைத்தான் காட்டும், வேலையைக் காட்டாது. வேலையைப் பார்க்க எதிர்ப்பொருள் வேண்டும். தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளில் ஒரு பிரிவினரின் ரத்தத்தில் சென்ட்ரோமியருக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பது 1980இல் தெரியவந்தது. அந்தச் சீரத்தை ஒளிரும் சாயத்தோடு சேர்த்துப் போட்டால், ஒவ்வொரு குரோமோசோமிலும் ஜோடிப் புள்ளி மின்னும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தச் சீரத்தில் சென்ப்-பி புரதத்துக்கான எதிர்ப்பொருளும் இருக்கும். சென்ப்-பி 17 எழுத்துக் குறிப்பைப் பார்த்து டிஎன்ஏவில் ஒட்டுவதால், செயலிழந்த சென்ட்ரோமியரிலும் ஒட்டும். அங்கேயும் புள்ளி மின்னிவிட்டு, "இரண்டுமே உயிரோடு இருக்கின்றன" என்று நம்மை நம்ப வைக்கும். ஆகவே வேலை செய்யும் சென்ட்ரோமியரில் மட்டும் உட்காரும் சென்ப்-ஏ அல்லது சென்ப்-சிக்கான தனி எதிர்ப்பொருளைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: மெத்தனால்–அசெட்டிக் அமிலத்தில் ஊறிய பழைய ஸ்லைடில் இந்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யாது. செல்களைச் சைட்டோஸ்பின்னில் சுழற்றி ஸ்லைடில் படியவைத்துப் புதிதாகச் செய்வதுதான் வழி.

இரண்டு குரோமோசோம் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதை டைசென்ட்ரிக் என்று எண்ணிவிட மாட்டோமா?

எண்ணிவிடுவோம். நானே முதல் வாரத்தில் ஒரு டிரைசென்ட்ரிக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். எங்கள் சீனியர் வந்து பார்த்துவிட்டு, "சரி, துண்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார். கதிர்பட்ட ரத்தச் செல் அது. டைசென்ட்ரிக் என்றால் ஓர் ஏசென்ட்ரிக் துண்டு, டிரைசென்ட்ரிக் என்றால் இரண்டு துண்டு அதே செல்லில் கிடக்க வேண்டும். என் செல்லில் துண்டும் இல்லை, மொத்த எண்ணிக்கையும் இரண்டு குறைந்தது. மூன்று குரோமோசோம்கள் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு கிடந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஃபோகஸ் திருகை மெல்ல ஆட்டிப் பாருங்கள். தனித்தனியான குரோமோசோம்கள் என்றால் ஒன்று தெளியும்போது மற்றது மங்கும், தொடும் இடத்தில் விளிம்பு தெரியும். அசல் டைசென்ட்ரிக்கில் குரோமாடிட்டுகள் இரண்டும் முறியாமல் ஓடும்.

துண்டைத் தேடும் விதி கதிர்வீச்சுக்குப் பின் வரும் முதல் பிரிவுக்குத்தான் பொருந்தும். பழைய செல் லைனில் துண்டு எப்போதோ தொலைந்திருக்கும். டெலோமியர் ஒட்டி வந்த டைசென்ட்ரிக்கில் துண்டு உண்டாவதே இல்லை. எல் செல்லில் போய்த் துண்டைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

கதிர்வீச்சை அளக்க இவற்றைப் பயன்படுத்துகிறார்களாமே?

ஆமாம், இந்த விநோதக் குரோமோசோமுக்கு இருக்கும் மிகப் பயனுள்ள வேலை அது. விபத்தில் ஒருவர் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறார் என்று தெரிய, அவர் ரத்தத்தின் லிம்போசைட்டுகளை (ஒருவகை வெள்ளை அணுக்கள்) பைட்டோஹிமக்ளூட்டினின் கொடுத்துப் பிரியத் தூண்டி, 48 மணி நேரம் வளர்த்து, டைசென்ட்ரிக்குகளை எண்ணுவார்கள். கதிர் படாதவர்களிடம் ஏறக்குறைய ஆயிரம் செல்லுக்கு ஒன்றுதான் இருக்கும். அதனால் கொஞ்சம் கூடினாலும் தெரிந்துவிடும். டிரைசென்ட்ரிக்கை இரண்டு டைசென்ட்ரிக்காகக் கணக்கில் எடுப்பார்கள். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் சீசியம்-137 விபத்து நடந்தபோது இந்த முறை பெரிய அளவில் கைகொடுத்தது.

ஏன் 48 மணி நேரத்தோடு நிறுத்துகிறார்கள் என்பதற்கு அண்ணன் தம்பிக் கதையே பதில். இரண்டாம் பிரிவுக்குப் போனால் ஏறத்தாழ பாதி டைசென்ட்ரிக்குகள் காணாமல் போயிருக்கும், கணக்குக் குறைவாக வரும்.

உடம்பில் இயல்பாகவே இப்படி இருக்கிறதா?

உங்கள் 2ஆம் குரோமோசோமே பழைய டைசென்ட்ரிக்தான். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. முன்னோரின் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி நம்முடைய 2ஆம் குரோமோசோம் உருவானது. ஒட்டிய இடத்தில் டெலோமியர் எழுத்துகள் நடுவில் மாட்டிக்கொண்டு கிடப்பதை 1991இல் கண்டார்கள். அடங்கிப்போன இரண்டாம் சென்ட்ரோமியரின் மிச்சமும் நீண்ட கையில் இருக்கிறது. எல் செல் ஃபிளாஸ்கில் செய்வதைத்தான் பரிணாமம் நிதானமாகச் செய்திருக்கிறது.

கேளையாடு என்று நாம் சொல்லும் இந்திய முண்ட்ஜாக் மான் இன்னும் ஒருபடி மேலே. பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 குரோமோசோம்கள்தான். அதன் நெருங்கிய உறவான சீன முண்ட்ஜாக்குக்கு 46. வரிசையாகப் பல குரோமோசோம்கள் ஒட்டி ஒட்டி இந்த நிலைக்கு வந்திருக்கின்றன. குறைவான, பெரிய பெரிய குரோமோசோம்கள் என்பதால் கைனெட்டோகோரைப் படிப்பவர்களுக்கு அந்தச் செல்கள் செல்லப்பிள்ளை.

பட்டுப்பூச்சி, சி. எலிகன்ஸ் புழு போன்றவற்றில் குரோமோசோமின் நீளம் முழுக்கவே நுண்குழாய்கள் பிடிக்கும். அது ஹோலோசென்ட்ரிக், வேறு கதை. மல்டிசென்ட்ரிக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவற்றிலிருந்து செயற்கைக் குரோமோசோம் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஹங்கேரியின் செகெட் நகரில் க்யூலா ஹட்லாட்ஸ்கி குழு சுண்டெலிச் செல்களுக்குள் மனித டிஎன்ஏவையும் மருந்தெதிர்ப்பு ஜீன் ஒன்றையும் செலுத்தியது. ஒரு செல் லைனில் கூடுதல் சென்ட்ரோமியர் முளைத்து டைசென்ட்ரிக் உண்டானது. அது இரண்டு சென்ட்ரோமியர்களுக்கும் நடுவில் உடைய, ஒரு மினி குரோமோசோம் தனியாகப் பிரிந்து வந்தது. 1991இல் இதை வெளியிட்டார்கள். அதே வழியில் தொடர்ந்து போய், சென்ட்ரோமியர்ப் பகுதி பல மடங்கு பெருகிய மெகா குரோமோசோம்களை 1996இல் விவரித்தார்கள். நாம் கோளாறு என்று ஒதுக்கும் உடைவு அவர்கள் கையில் ஒரு கருவியாகிவிட்டது.

என் செல் லைனில் இவை தெரிகின்றன. தூக்கி எறிந்துவிடவா?

எந்த லைன், எதற்காக வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்929இல் பார்த்தால் அது அதன் முகம், அப்படியே இருக்கட்டும். சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் என்றோ ஸ்டெம் செல் என்றோ சொல்லி வாங்கிய வளர்ப்பில் தெரிந்தால் கவலைப்பட வேண்டும்.

அப்போது ஃப்ரீசரில் இருக்கும் குறைந்த பாசேஜ் குப்பியை (புது ஃபிளாஸ்குக்குச் சில முறையே மாற்றப்பட்ட செல்கள் உள்ளது) எடுத்து, இப்போதைய செல்லோடு பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். எல்லாச் செல்லிலும் ஒரே மல்டிசென்ட்ரிக் இருந்தால் அது நிலைபெற்ற அடையாளம். செல்லுக்குச் செல் வேறு வேறாக இருந்து, அனாபேஸில் பாலமும் பக்கத்தில் குட்டி உட்கருக்களும் தெரிந்தால் உடைவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வளர்ப்பில் இந்த மாதம் எடுத்த முடிவு அடுத்த மாதம் வராது. மைக்கோபிளாஸ்மாத் தொற்றும் குரோமோசோமை உடைக்கும், அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மல்டிசென்ட்ரிக் இருந்தால் அது புற்றுநோய்ச் செல் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. கட்டிகளில் டைசென்ட்ரிக்கும் பாலமும் நிறையக் காணப்படும், கட்டிக்குள் செல்லுக்குச் செல் வேறுபாடு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 13, 14ஆம் குரோமோசோம்கள் ஒட்டிய ராபர்ட்சோனியன் மாற்றத்தோடு ஆரோக்கியமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒட்டுக் குரோமோசோமும் பெரும்பாலும் டைசென்ட்ரிக்தான்.

ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

"ஐந்து சென்ட்ரோமியர் உள்ள குரோமோசோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சாயத்தில் எண்ணினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "சி-பட்டை: 5. சென்ப்-சி ஒளிப்புள்ளி: 1 ஜோடி, நுனியிலிருந்து இரண்டாம் பட்டையில். பார்த்த 50 மெட்டாபேஸிலும் இதே இடம். பாசேஜ் எண் இன்னது." எதிர்ப்பொருள் போடவில்லை என்றால் அந்த வரியில் "செயல்பாடு பார்க்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.